மிண்டா டீச்சரைத் தக்கவைத்த விதம்

லுஸ்விமிண்டா கபாஹுக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். சம்பளமில்லாமல் ஒரு வருட விடுப்புக் கிடைக்குமா, கிடைக்காதா? பினலுனான் சந்தையில் ஒரு மீன்காரியிடம் இப்படி எதையாவது கேட்டிருந்தால், மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே பதில் சொல்லியிருப்பாள். மிண்டா கேட்டது கோட்டக் கல்வி அலுவலகத்தில். ஆகவே நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்வதுதான் நியாயம்.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி, தாய்லாந்தின் சியாங் ராயிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அங்கே ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் வேண்டும். கணினித் திரை வழியாக மிண்டா நடத்திக் காட்டிய பாடம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. நவம்பர் முதல் வாரம் வந்து சேரலாம். வருவதும் வராததும் செப்டம்பர் முப்பதுக்குள் தெரிய வேண்டும்.

மிண்டா பினலுனான் மத்தியப் பள்ளியில் பதினாறு வருடமாக ஆங்கில ஆசிரியை. ஆறாம் வகுப்பில், மல்லிகைப் பூவின் பெயர் வைத்த சம்பகீதா பிரிவு அவளுடையது. இந்த வருடம் அதில் ஐம்பத்தெட்டுப் பேர். நாற்பது பேர் நாற்காலியில், மற்றவர்கள் ஜன்னல் விளிம்பிலும், மழை இல்லாத நாளில் வாசற்படியிலும்.

எழுதிப் பார்க்காமல் அவள் எந்த முடிவுக்கும் வருகிறவள் அல்ல. பழைய நோட்டில் ஒரு பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்தாள். இடப்பக்கம் 'போனால்', வலப்பக்கம் 'இருந்தால்'.

'போனால்' என்பதன் கீழ் நான்கு வரிகள் சேர்ந்தன: வகுப்புக்கு இருபத்திரண்டு பிள்ளைகள். சம்பளம் ஒன்றரை மடங்கு. அறிக்கை எழுதும் வேலை கிடையாது. பாடம் நடத்தலாம்.

நான்காவது வரிக்கு விளக்கம் தேவை. சம்பகீதா பிரிவுக்குப் பாடம் நடத்தக் கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் பூச்சி மாத்திரைப் பட்டியல், ஊர்வலம், ஊர்வலத்துக்கு நடன ஒத்திகை, ஒத்திகை நடந்ததற்குப் புகைப்பட அறிக்கை, அந்த அறிக்கை வந்து சேரவில்லை என்ற நினைவூட்டலுக்கு விளக்கம், இவ்வளவும் போக நேரம் இருந்தால் நடத்தலாம். இருந்ததில்லை.

'இருந்தால்' என்பதன் கீழ் பதினொரு வரிகள். கணவன் டெல்ஃபின். ஒன்பதாவது படிக்கும் மகள். மாமியாரின் முழங்கால். பாதி போட்ட கூரை. கிறிஸ்துமஸுக்கு வளர்க்கும் பன்றி. அங்கே போனாலும் நேற்று இறங்கிய வெள்ளைக்காரப் பையனுக்கு அவளைவிடக் கூடச் சம்பளம் என்கிற சங்கதி. இப்படிப் போய், பதினோராவதாக: ஐம்பத்தெட்டுப் பேர்.

டெல்ஃபின் பைக்கோடு பக்கப்பெட்டி இணைத்த ட்ரைசிகிள் ஓட்டுகிறவன். நோட்டை வாங்கிப் பார்த்தான்.

"ஏன்டி, உன் தராசுல நானும் பன்னியும் ஒரே தட்டிலயா?"

"நீ முதல் வரி. பன்னி அஞ்சாவது."

"அந்த மட்டுக்கும் சரி." நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். "போயிட்டு வா. ஆனா லீவு போட்டுட்டுப் போ. வேலையை உதறிட்டுப் போகாத. அங்க ஒத்துவரலைன்னா திரும்பி வர ஒரு நாற்காலி வேணும்ல. பதினாறு வருஷ சர்வீஸை யாராவது கடல்ல கொட்டுவாங்களா?"

அவளுக்கும் அதுவே எண்ணம். விடுப்புக் கிடைத்தால் போவது, கிடைக்காவிட்டால் யோசிப்பது.

செப்டம்பர் இரண்டாம் தேதி அலுவலகம் போனாள். எங்கள் தீவுகளில் செப்டம்பர் பிறந்தாலே ஒலிபெருக்கிகளில் கிறிஸ்துமஸ் பாட்டு ஆரம்பித்துவிடும். அலுவலக வாசலிலும் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை: 'ஆசிரியர் மாதக் கொண்டாட்டப் பணிகள் காரணமாக, ஆசிரியர்கள் மூன்று மணிக்கு மேல்தான் பார்க்க அனுமதிக்கப்படுவர்.' மூன்று மணிவரை வாசலில் நின்றாள். உள்ளே ஆசிரியர்களைக் கொண்டாடும் ஏற்பாடுகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன.

வெளிநாட்டு வேலை சம்பந்தமான விடுப்புகளை அலுவலகத்தில் ஒரு புதிய பிரிவு கவனித்தது. ஆசிரியர் தக்கவைப்புப் பிரிவு என்று பெயர். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, அவற்றுக்குப் பின்னால் சுவர் முழுவதும் பன்னிரண்டடிக்கு எட்டடி பிளெக்ஸ். 'ஆசிரியையே, போகாதே! தாய்நாடு உன்னைத் தேடும்!' என்று அதில் எழுதியிருந்தது. இடப்பக்கம் ஆறடி உயரத்தில் கோட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் அபோலினார் விலாஃப்ளோர் சிரித்துக்கொண்டிருந்தார். வலப்பக்க மூலையில் கையில் சாக்பீஸோடு ஓர் ஆசிரியை. கோட்டத்தில் இரண்டாயிரத்து நானூறு ஆசிரியைகள் இருந்தும், அந்தப் படத்துக்கு இணையத்திலிருந்து யாரோ ஒரு பொன்முடி வெள்ளைக்காரியை எடுத்திருந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் ஹெர்மோஹெனெஸ் என்கிற ஹெர்மி சார். மிக மரியாதையானவர். முடியாது என்பதை எழுந்து நின்றுதான் சொல்வார்.

"உட்காருங்க மேடம். போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார். யோசிச்சுட்டு இருக்கேன். லீவு கிடைக்குமான்னு தெரிஞ்சா..."

"யோசிக்கிறீங்களா? அருமை. விண்ணப்பப் படிவத்தோட பதினாலாம் பத்தியில அதைத்தான் கேட்டிருக்கு. 'விண்ணப்பதாரர் யோசித்த முறை, ஆதாரத்துடன்.' ஆதாரம் எங்க?"

மிண்டா வெகுளித்தனமாக நோட்டை எடுத்துக் காட்டினாள். ஹெர்மி சார் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கிழிக்கச் சொன்னார். கிழித்துக் கொடுத்ததும் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார். முத்திரை சரியாக மாமியாரின் முழங்கால்மேல் விழுந்தது.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் ஆவணத்தைக் குழு பரிசீலித்தது. போவதற்கு ஆதரவாக நான்கும், இருப்பதற்கு ஆதரவாகப் பதினொன்றும் உள்ளன. தாங்களே பதினொன்றுக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் போக வேண்டாமென்று முடிவெடுத்திருப்பதால் விடுப்புக்கு அவசியமில்லை.'

திரும்ப ஓடினாள்.

"சார், அது ஓட்டுப் பெட்டி இல்ல சார். பன்னியையும் சம்பளத்தையும் ஒண்ணா எண்ணலாமா?"

ஹெர்மி சார் எழுந்து நின்றார். "பன்னிக்கு எடை குறைச்சல்னு நீங்க எங்கயும் எழுதலையே மேடம். ஆனா ஒரு வழி இருக்கு. ஆங்கிலத் திறன் சான்றிதழ் இணைச்சா மறுபரிசீலனைக்கு வைக்கலாம். வெளிநாட்டுல இங்கிலீஷ் சொல்லித்தரப் போறவங்க நம்ம கோட்டத்து மானத்தைச் சுமந்துட்டுப் போறாங்க இல்லையா? இங்கிலீஷ் தெரியுமான்னு நாங்க பார்த்து அனுப்பணும்."

"பதினாறு வருஷமா இங்க இங்கிலீஷ்தானே சார் நடத்தறேன்."

"இங்க நடத்தறதுக்கு அது தேவையில்ல மேடம்."

ஒன்பதாம் தேதி தேர்வு. ஐம்பது கேள்விகள், முப்பத்தெட்டு சரியானால் தேர்ச்சி. வினாத்தாளைத் திருப்பிப் பார்த்ததும் மிண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருடம் முன்பு அவளே எழுதிக் கொடுத்த வினாத்தாள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக் கூடாதென்று 'அ' தாள், 'ஆ' தாள் என இரண்டு எழுதியிருந்தாள். அவளுக்கு வந்தது 'அ'. இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே போய் வாழைப்பழ வறுவல் வாங்கித் தின்றாள்.

பன்னிரண்டாம் தேதி முடிவு வந்தது. ஐம்பதுக்கு ஒன்பது.

ஹெர்மி சார் மேசைமேல் விடைப் பட்டியலை வைத்துக் காட்டினார். மிண்டாவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது.

"சார், இது 'ஆ' தாளோட விடை. என்கிட்ட குடுத்தது 'அ' தாள். மாத்தி வச்சுத் திருத்தியிருக்கீங்க. ரெண்டையும் எழுதினதே நான்தான்."

"நீங்க எழுதினது வரைவு மேடம். இது ஆவணம். இதுல மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க, பாருங்க. உங்க விடைத்தாள்ல ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்கு."

"அப்போ எனக்கு முன்னாடி எழுதினவங்க?"

"அறுபத்திரண்டு பேர். எல்லாரும் தேறிட்டாங்க."

"அது எப்படி சார்?"

"விடையைப் பார்த்துட்டு எழுதினாங்க." ஹெர்மி சார் குரலைத் தாழ்த்தினார், வருத்தத்தில். "நீங்க ஒருத்தர்தான் மேடம் சொந்தமா எழுதியிருக்கீங்க. ஏன் அப்படிப் பண்ணினீங்க?"

ஹெர்மி சாரிடம் சுற்றறிக்கை இருந்தது. ஆங்கிலத் தேர்வில் தவறிய ஆசிரியர் மூன்று நாள் மறுபயிற்சி பெற்று மறுதேர்வு எழுத வேண்டும். செப்டம்பர் இருபத்தைந்து முதல் இருபத்தேழு வரை பயிற்சி. பயிற்சி பெறுவோர் பட்டியலில் ஒரு பெயர்: லுஸ்விமிண்டா கபாஹுக்.

"சரி சார், வந்து உட்கார்ந்து தொலைக்கிறேன். யார் நடத்தறாங்க?"

ஹெர்மி சார் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "கோட்டத்தோட அங்கீகாரம் பெற்ற ஆங்கிலப் பயிற்சியாளர். மூணு பேர் இருந்தாங்க. ஒருத்தர் ஜப்பான் போயிட்டாரு. ஒருத்தங்க டெக்சாஸ். மிச்சம் இருக்கிறது..." விரலை வைத்துப் படித்தார். "லுஸ்விமிண்டா கபாஹுக்."

மிண்டா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வாசல் ஒலிபெருக்கியில் கிறிஸ்துமஸ் பாட்டின் வெள்ளிமணி ஒலித்தது.

"நல்லதா போச்சு," என்றார் ஹெர்மி சார். "பயிற்சியாளரும் பங்கேற்பாளரும் ஒரே ஊர். பயணப்படி மிச்சம்."

அன்று சாயங்காலம் டெல்ஃபின் இதைக் கேட்டு ட்ரைசிகிள் இருக்கையிலேயே படுத்து உருண்டான். "நீ தூங்கினா நீயே எழுப்பிவிட்டுக்குவியா? பெயில் பண்ணிடாதடி, பாவம், அந்தப் பொம்பளைக்கு ஒரு புருஷன் இருக்கான்."

இருபத்தைந்தாம் தேதி காலை எட்டு மணி. மாநாட்டு மண்டபத்தில் நாற்பது நாற்காலி. சுற்றறிக்கைப்படி நாற்பதுக்குக் குறைந்த பயிற்சிக்கு மண்டபம் திறக்க முடியாது. மேடையில் புதிய பிளெக்ஸ், மிண்டாவின் படம் இரண்டு முறை: மேலே 'கருத்தாளர்', கீழே 'பங்கேற்பாளர்'. இரண்டுக்கும் நடுவே, இரண்டையும் சேர்த்ததைவிடப் பெரிதாக, டாக்டர் விலாஃப்ளோர். தொடக்க விழாவுக்கு அலுவலகத்திலிருந்து பதினேழு பேர் வந்திருந்தார்கள். திரையில் ஜெபம் ஓடியது, நாட்டுப் பண் ஓடியது, கோட்டப் பாடல் ஓடியது. உடம்பு சுறுசுறுப்பாக ஒரு நடனம். கண்காணிப்பாளரை வரவேற்கத் தேங்காய்க் கைதட்டல் தட்டச் சொன்னார்கள். தேங்காயை உடைப்பதுபோல், துருவுவதுபோல், பிழிவதுபோல், குடிப்பதுபோல் பாவனை செய்து, கடைசியில் "ஆஹா!" என்று சொல்ல வேண்டும். மிண்டா நாற்காலியில் உட்கார்ந்து பிழிந்து குடித்து "ஆஹா" என்றாள்.

டாக்டர் விலாஃப்ளோர் ஒலிவாங்கியைப் பிடித்தார். வருகைப் பதிவேட்டில் நீல மையின் பங்கு பற்றி ஆய்வு செய்து டாக்டர் ஆனவர். குரல் வளமானது.

"அன்பான ஆசிரியப் பெருமக்களே," என்று அந்த ஒருத்தியைப் பார்த்து ஆரம்பித்தார். "எல்லாரும் போறாங்க. ஹாங்காங் போறாங்க, துபாய் போறாங்க. நான் போனேனா? முப்பத்தோரு வருஷமா இதே மண்ணு. மூணு தடவை அமெரிக்காவுக்கு விண்ணப்பிச்சேன், மூணு தடவையும் விசா குடுக்கல. அது தேசபக்தின்னு எனக்கு அப்புறந்தான் புரிஞ்சது. என் மூத்தவன் அபுதாபியில இருக்கான், ரெண்டாவது பொண்ணு டொரண்டோவுல. ஏன் அனுப்பினேன்னு கேப்பீங்க. பிள்ளைகளைப் பிரிஞ்சாத்தானே, ஆசிரியர் போனா ஒரு வகுப்பு படற வேதனை ஒரு அதிகாரிக்குப் புரியும்! அந்த வேதனையை மாசாமாசம் அவங்க அனுப்பற பணத்துல நான் உணர்றேன். கஷ்டம்னு சொல்றீங்க. ஒரு வகுப்புல அறுபது பேர்ங்கிறீங்க. நான் ஒருத்தன் இரண்டாயிரத்து நானூறு பேரைப் பார்த்துக்கறேன், அதுவும் பார்க்காமலே! ஆசிரியர் மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி எங்கயாவது விசா கேட்குமா?"

பதினேழு பேரும் மறுபடி தேங்காய் உடைத்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். பன்சித் நூடுல்ஸும் அரிசிப் புட்டோவும் நாற்பது பொட்டலம் வந்தது. ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். மண்டபத்தில் மிண்டாவும் ஹெர்மி சாரும் புகைப்படக்காரரும் மிஞ்சினார்கள்.

"ஆரம்பிங்க மேடம்," என்றார் ஹெர்மி சார்.

மிண்டா மேடைக்குப் போய் நின்றாள். எதிரே நாற்பது காலி நாற்காலி. பேசாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. முப்பதாம் தேதியை நினைத்துக்கொண்டாள். ஐந்து நாள்.

"அறிக்கைக்குப் படம் வேணும் மேடம்," என்றார் புகைப்படக்காரர். "'கருத்தாளர் கேள்வி கேட்கிறார்.'"

மிண்டா கையை நீட்டிக் காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.

"இப்போ 'பங்கேற்பாளர் விடை சொல்கிறார்.'"

மிண்டா இறங்கி நாற்காலிக்குப் போய்க் கையைத் தூக்கினாள்.

"கருத்தாளர் பாராட்டுகிறார்."

திரும்ப மேலே ஏறினாள். முழங்கால் வலித்தது. மாமியார் நினைவுக்கு வந்தாள். பிற்பகல் குழுச் செயல்பாடு. அவள் 'குழு ஒன்று'. தலைவர், செயலாளர், நேரம் பார்ப்பவர் மூவரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்தலில் போட்டியில்லை. சாயங்காலம் கருத்தாளரை மதிப்பிடும் படிவம் வந்தது. அலுப்பில் ஐந்துக்கு மூன்று போட்டாள். மறுநாள் காலை, 'தங்களுக்கு ஏன் குறைந்த மதிப்பீடு கிடைத்தது?' என்று கருத்தாளருக்கு விளக்கக் கடிதம் வந்திருந்தது.

அந்த மறுநாள், இருபத்தாறாம் தேதி, இடைவேளையில் டாக்டர் விலாஃப்ளோர் தனியாக வந்தார். கையில் ஒரு கோப்பு. கதவைச் சாத்தினார்.

"மேடம், சின்ன உதவி. என் கடைசிப் பொண்ணு ஹனிலெட். நம்ம கோட்டத்துலதான் ஆசிரியை, பேருக்கு. சியாங் ராயில உங்க ஸ்கூல்லயே இன்னொரு இடம் இருக்காமே? விண்ணப்பக் கடிதம் கொஞ்சம் எழுதிக் குடுங்க. இங்கிலீஷ் நல்லா இருக்கணும்."

மிண்டா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஐம்பதுக்கு ஒன்பது."

டாக்டர் விலாஃப்ளோர் சிரித்தார். பிளெக்ஸில் உள்ள அதே சிரிப்பு. "மேடம், மேடம். ஃபைல் வேற, நீங்க வேற. ஃபைல்ல இருக்கிற மிண்டா டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது. அதை நான் நம்பித்தான் ஆகணும், என் வேலை அது. ஆனா என் பொண்ணு விஷயத்துல நான் ஃபைலை நம்ப முடியுமா?"

அவள் எழுதிக் கொடுத்தாள். கெட்ட கடிதமாக எழுதியிருக்கலாம். அவள் கைக்கு அது வராது.

மூன்றாம் நாள் மறுதேர்வு. தேர்வு எழுதுபவளும் மேற்பார்வை செய்பவளும் ஒருத்தியே என்பதால் ஹெர்மி சார் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார். மறுபடியும் 'அ' தாள். பிறகு மேசைமேல் இன்னொரு காகிதத்தை வைத்தார். விடைப் பட்டியல். 'ஆ' தாளுடையது. மூன்று கையெழுத்தோடு.

"நான் போய் காப்பி குடிச்சுட்டு வர்றேன். அரை மணி ஆகும்." கதவருகே நின்று திரும்பினார். "மேடம், எனக்கு உங்க மேல மரியாதை இருக்கு. அதான் சொல்றேன். பாருங்க. எல்லாரும் பார்த்தாங்க. நீங்க தேறினா இன்னைக்கே லீவுல கையெழுத்து. ஒரு வருஷம். திரும்பி வந்தா இதே நாற்காலி. உங்க பதினாறு வருஷம் இந்தத் தாள்ல இருக்கு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பட்டியலைப் பார்த்து ஐம்பது கட்டத்தை நிரப்புவது ஐந்து நிமிட வேலை. டெல்ஃபின் கேட்ட நாற்காலி, மகளின் படிப்பு, பாதிக் கூரையின் மறுபாதி, எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில். மிண்டா பட்டியலை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். முதல் கேள்வியைப் படித்தாள். ஒரு கோடை விடுமுறையில் அவளே உட்கார்ந்து யோசித்து எழுதிய கேள்வி. அதற்குச் சரியான விடை எதுவென்று சம்பகீதா பிரிவில் ஜன்னல் விளிம்பில் உட்காருகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தப்பான கட்டத்தில் பென்சிலை வைத்தாள். பென்சில் நகரவில்லை.

பதினாறு வருடத்தில் எத்தனை பிள்ளைகளின் உள்ளங்கையை விரித்து, அதில் எழுதியிருந்த விடைகளைக் குழாயடியில் கழுவ அனுப்பியிருக்கிறாள்!

பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். ஐம்பதையும் சரியாக எழுதினாள். அதே இருபது நிமிடம்.

ஹெர்மி சார் திருத்தி முடித்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அதே ஒன்பதா? மூணு நாள் பயிற்சிக்கு அப்புறமும் ஒரு மார்க்கூட ஏறலையே மேடம்!"

முப்பதாம் தேதி திங்கட்கிழமை காலை, பள்ளிக்கு ஒரே உறையில் இரண்டு குறிப்பாணைகள் வந்தன. முதலாவது பங்கேற்பாளருக்கு: 'தேர்ச்சி பெறத் தவறியதற்கும், வழங்கப்பட்ட வசதிகளைப் பயன்படுத்தாததற்கும் விளக்கம் தருக.' இரண்டாவது கருத்தாளருக்கு: 'தங்களிடம் பயின்றவர்களில் நூறு விழுக்காட்டினர் தவறியிருப்பதால், தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' விடுப்பு பற்றி மூன்றாவதாக ஒரு வரி: 'மறுக்கப்படுகிறது.'

இரண்டையும் மடித்து வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று ஊர்வலம் இல்லை, ஒத்திகை இல்லை. கதவைத் திறந்ததும் ஐம்பத்தெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். முன் வரிசையில் ஜெனலின் என்று ஒரு சின்னப் பெண். முகம் மலர, தெரிந்துகொள்ளும் ஆசையில், வேறெந்த எண்ணமும் இல்லாமல் கேட்டாள்:

"டீச்சர், தாய்லாந்து போயிட்டு அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே சந்தேகம்தான்.

மிண்டா நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தாள். செப்டம்பரில் அதுவரை இருபது வேலை நாள். அலுவலகம், தேர்வு, முடிவு, பயிற்சி, ஆசிரியர் மாத ஊர்வலம், ஊர்வலத்துக்கு ஒத்திகை என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தாள். பாடம் நடந்தது நான்கு நாள். அதற்கு முந்திய மாதத்தையும் புரட்டினாள். அப்போது தாய்லாந்துக்காக ஒரு நாள்கூட வகுப்பை விட்டுப் போகவில்லை. ஏழு நாள்.

'ஐம்பத்தெட்டுப் பேர்' என்று பதினோராவது வரி எழுதிய பக்கம் அலுவலகக் கோப்பில் இருந்தது. அதனால் மனத்துக்குள்ளேயே அதை அடித்தாள். மற்ற பத்தும் அப்படியே இருந்தன. பத்துக்கு நான்கு. பெரும்பான்மை இன்னமும் இருப்பதற்குத்தான். ஆனால் எடை அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

அன்று முழுக்கப் பாடம் நடத்தினாள். மத்தியானச் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு அலுவலகம் போய் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள்.

"இதுக்கு என்னென்ன இணைக்கணும் சார்?"

"ஒண்ணும் வேண்டாம் மேடம்." ஹெர்மி சார் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். எட்டு நிமிடம் ஆயிற்று, அதிலும் ஆறு நிமிடம் முத்திரை தேட. "இது சுலபம். லீவுன்னாதான் சிக்கல். நீங்க திரும்பி வருவீங்க, அப்புறம் உங்களுக்கு நாங்க பொறுப்பு."

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சியாங் ராய்க்குப் பதில் அனுப்பினாள். டெல்ஃபின் ட்ரைசிகிளை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தான்.

"நாற்காலி போச்சா?"

"போச்சு."

"பார்த்து எழுதியிருந்தா கிடைச்சிருக்கும்."

"ஆமா."

"சரி விடு," என்றான். "உன்னை எனக்குத் தெரியாதா? சந்தையில கடைக்காரன் மிச்சம் கூடக் குடுத்தா, வெயில்ல திரும்ப நடந்துபோய்க் குடுத்துட்டு வர்றவ."

பின்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சம்பகீதா பிரிவை அக்டோபர் முதல் வாரத்தில் பக்கத்துப் பிரிவோடு சேர்த்தார்கள். நூற்றுப் பதினான்கு பேர். புதிய ஆசிரியர் நியமனத்துக்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள். ஹனிலெட் விலாஃப்ளோர் திறன் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது வாங்கினாள். கவனக்குறைவாக ஒரே ஒரு கேள்விக்குச் சரியான விடை எழுதிவிட்டாளாம். அவளுக்கு ஒரு வருட விடுப்புக் கிடைத்தது. அது வெளிநாட்டு வேலை அல்ல, கலாசாரத் தூது என்று கோப்பில் இருக்கிறது. சியாங் ராய்ப் பள்ளி முதல்வர் மிண்டாவுக்கு எழுதினார்: 'உங்கள் ஊரிலிருந்து இன்னொரு விண்ணப்பம் வந்தது. கடிதம் உங்களுடையதைப் போலவே பிரமாதம். உங்கள் கோட்டத்தில் ஆங்கிலத்தின் தரம் வியக்கத்தக்கது.'

அக்டோபர் கடைசியில் மிண்டா புறப்பட்ட நாள் நல்ல மழை. துறைமுகத்துக்கு டெல்ஃபினின் ட்ரைசிகிளில் போனார்கள். பெட்டிகளை ஏற்றிவிட்டு, பக்கப்பெட்டியின் திறந்த பக்கத்தில் அவன் ஒரு பெரிய பிளெக்ஸை இழுத்துக் கட்டினான். ஆசிரியர் மாதம் முடிந்ததும் அலுவலகத்துப் பின்பக்கம் குப்பையோடு போட்டிருந்தார்களாம். இந்த ஊரில் நல்ல பிளெக்ஸை யாரும் வீணாக்குவதில்லை.

சந்தையைத் தாண்டும்போது காற்று அதைப் படபடவென்று அடித்தது. ரோட்டோரம் ஒதுங்கி நின்றவர்கள் எல்லாரும் படித்தார்கள். 'ஆசிரியையே, போகாதே! தாய்நாடு உன்னைத் தேடும்!' டாக்டர் விலாஃப்ளோர் முகமெல்லாம் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே வந்தார். துறைமுகம் வரை மிண்டாவின்மேல் ஒரு சொட்டு மழை படவில்லை. பதினாறு வருடத்தில் அந்த அலுவலகம் அவளுக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான்.